லாவண்யா நீக்கிய புள்ளிகள்

லாவண்யாவின் வேலை, புள்ளிகளை நீக்குவது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முன்பு மின்விசிறிக்கு இறக்கை செய்துகொண்டிருந்த ஒரு கட்டடம். அதன் மூன்றாவது மாடியில் கண்ணாடி ஒட்டி, ஏசி மாட்டி, வாசலில் பிளாஸ்டிக் மூங்கில் ஒன்றை நட்டு, வரைபட நிறுவனம் என்று பெயர் வைத்திருந்தார்கள். செல்போனில் வரைபடத்தைத் திறந்தால் சாலை, ஏரி, எல்லை எல்லாம் உடனே வந்து விழ வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் இந்தக் காலத்து மனிதன் கோபித்துக்கொண்டு வேறு வரைபடத்துக்குப் போய்விடுவான். ஆனால் ஓர் ஏரிக்கரையை உள்ளது உள்ளபடி வரைய ஆயிரக்கணக்கில் புள்ளிகள் வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எதற்கு அத்தனை? அவன் என்ன அதில் இறங்கிக் குளிக்கவா போகிறான்? ஆகவே முக்கால்வாசிப் புள்ளிகளைத் தூக்கிவிட வேண்டும். தூக்கியது தெரியவும் கூடாது.

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. கோட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு நூலைக் கட்டி இழுத்துப் பிடித்ததாக நினைத்துக்கொள். நூலிலிருந்து ரொம்ப விலகி நிற்கிற புள்ளி எது என்று பார். நாம் வைத்த அளவைத் தாண்டி அது விலகியிருந்தால், பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டு, அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் புதிதாக நூல் பிடி. தாண்டவில்லை என்றால், நடுவில் நிற்கும் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பு. அவ்வளவுதான். மேலாளர்கள் இதற்கு வாயில் நுழையாத பெயர்களை வைத்துத் திரையில் காட்டிக் கைதட்டு வாங்குவார்கள். லாவண்யா கைதட்ட மாட்டாள், நூலைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

நாள் முழுக்க நூல் பிடித்தால் கண்ணை மூடினாலும் அதுதானே வரும்? கம்பெனி வேன் வேலப்பன்சாவடி சிக்னலில் நின்றால், கல்லூரி விட்ட கூட்டம் சாலையைக் கடந்து முடிப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். அந்தத் தூக்கத்தில் அவளுக்கு எப்போதும் ஒரே கனவு. யாரோ பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இரண்டு நுனிகளையும் பிடித்து இழுத்து நேராக்கியிருப்பார்கள். வேன் எங்கேயும் திரும்பாது. எதிரே வீடுகள் வரும். சுவர்கள் ஈரத்துணி போல விலகிக் கொடுக்கும். வேன் ஒரு சமையலறைக்குள் நுழையும். தோசை வார்த்துக்கொண்டிருக்கும் பெண் காலைத் தூக்கி வழிவிட்டு, "சட்னி போடவா?" என்று ஜன்னல் வழியே கேட்பாள். அடுத்த வீட்டில் குளித்துக்கொண்டிருப்பவர் சோப்பு நுரையோடு கும்பிடுவார். யாருக்கும் கோபம் இல்லை. அயனம்பாக்கம் ஏரி மூன்று மூலையாக மடித்த கைக்குட்டை போலக் கிடக்கும். அதன் மேல், எந்தக் கரையில் இறங்குவது என்று புரியாமல், ஒரு கொக்கு மிதந்துகொண்டே இருக்கும்.

சிக்னல் விழுந்து வேன் குலுங்கும். கொக்கு பறந்துவிடும்.

*

அவள் தனியாகக் குடியிருந்தது பாரிவாக்கத்தில், 'ராயல் லேக் பிரீஸ்' என்ற அடுக்குமாடியில். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் மேல் ஏறி நின்றால் ஏரி தெரியும். காற்று அங்கேயும் வராது. சொந்த ஊர் பெரம்பலூர்ப் பக்கம். போன ஆடி மாதம் இங்கே குடிவந்த புதிதில், பேச ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூரத்தில் பம்பைச் சத்தம் கேட்டது. கீழே இறங்கிச் சத்தத்தின் பின்னாலேயே போனாள். அம்மனை டிராக்டரில் வைத்து ஊர் எல்லையைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒருவர் வேப்பிலைக் கொத்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனார். தொழில் புத்தி யாரை விட்டது? போனில் பாதையைப் பதிய வைத்துவிட்டுக் கடைசிவரை நடந்தாள்.

எல்லை நேர்க்கோடு இல்லை. வரப்பாக ஓடி, கால்வாயாக வளைந்து, ஓரிடத்தில் மனித மூக்கு போல வெளியே நீட்டிக்கொண்டு திரும்பியது. அந்த இடத்துக்குப் பெயரே மூக்குமுனை. நுனியில் ஒரே ஒரு வீடு. டிராக்டர் அங்கே எஞ்சினை நிறுத்தியது. பம்பைக்காரர்கள் வியர்வை துடைத்தார்கள். அந்த வீட்டுச் சொர்ணம் எல்லோருக்கும் கூழ் ஊற்றினாள். யார், எவர் என்று கேட்காமல் லாவண்யாவின் கையிலும் ஒரு சொம்பைத் திணித்தாள். புது ஊரில் அவள் கைக்கு வந்த முதல் சொம்பு அது.

இந்த வருஷம் திருவிழாக் கமிட்டித் தலைவரே அடுக்குமாடியைத் தேடி வந்தார். பெயர் சம்பந்தம். மனை வாங்கி விற்பவர். கோயில் மணிக்கு மோட்டார் வைத்தவர். மைக் இல்லாத இடத்திலும் பேசுவதற்கு முன், "ஹலோ, செக்" என்று தொண்டையைச் சரிசெய்துகொள்வார். அவரை லாவண்யாவின் வீட்டுக்கு அழைத்து வந்தவர் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் பரந்தாமன். தண்ணீர் லாரி வரும் நேரத்தைக்கூட 'வரலாற்றுச் சிறப்புமிக்க' என்று தொடங்கி அறிவிப்பவர்.

"ஹலோ, செக். மேடம், எல்லை சுத்தறப்ப வருஷா வருஷம் ஒரு ரோதனை. ஒர்த்தன் இப்டி போன்றான், ஒர்த்தன் அப்டி போன்றான். போனதுக்கு முந்தின தபா அம்மன் முன்னாடியே ரெண்டு மண்டை ஒடைஞ்சிச்சு. டிஜிட்டலா ஒரு மேப்பு போட்டுட்டோம்னு வெய்ங்க, எவன் வாயத் தொறப்பான்?"

"நம்ம லாவண்யா உலகத்துக்கே வரைபடம் போடறவங்க" என்றார் பரந்தாமன், தாமே பெற்று வளர்த்தது போல.

லாவண்யா போன வருஷத்துப் பாதையை எடுத்து வரைந்து கொடுத்தாள். மறுநாளே சம்பந்தம் திரும்பி வந்தார். பூந்தமல்லி பிளெக்ஸ் கடைக்காரர் கோட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாராம்.

"கரையான் அரிச்சாப்ல கீதுன்றான் மேடம். ஊரு எல்லைன்னா ஒரு கம்பீரம் வேணாமா? கொஞ்சம் நீட்டா பண்ணுங்க."

அவளுக்கு இது தினசரி வேலை. திரையில் ஓர் எண்ணை ஏற்றினாள். புகைப்படம் எடுக்கும்போது தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்கிற மனிதர் போல, பாரிவாக்கத்தின் எல்லை மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரானது. கோடு சுத்தமாக இருந்தது. தன் வேலை தனக்கே பிடித்துப்போக, அப்படியே அனுப்பிவிட்டாள்.

*

கோயில் வாசலில் பிளெக்ஸ் ஏறியது. ஆள் உயரத்துக்கும் மேலே ஊர். அதன் பக்கத்தில் அதைவிடப் பெரிதாகக் கைகூப்பிய சம்பந்தம். மக்கள் கூடி நின்று தங்கள் வீட்டை விரலால் தேடினார்கள். அன்று மாலையே அடுக்குமாடியின் வாட்ஸப் குழுவில் பரந்தாமனின் அறிவிப்பு வந்தது: 'வரலாற்றுச் சிறப்புமிக்க செய்தி. நமது குடியிருப்பு, ஊர் எல்லைக்கு உள்ளே அமைந்துள்ளது! இந்த ஆண்டு அம்மன் நமது நுழைவாயிலுக்கு எழுந்தருள்வாள். பலூன் வளைவு அமைக்கப்படும்.'

அடுக்குமாடி இருந்த இடம், முன்பு எல்லை உள்வாங்கி ஒதுங்கிப் போன பள்ளம். நூல் பிடித்ததில் அது உள்ளே வந்துவிட்டது. லாவண்யா அதைப் பார்த்தாள். சின்னத் தப்புதான், நல்ல பக்கமாகத்தானே சாய்ந்திருக்கிறது என்று விட்டுவிட்டாள். பள்ளம் ஒன்றை மூடிய நூல் வேறெங்கே எதை வெட்டியது என்று பார்க்கத் தோன்றவில்லை.

காப்புக் கட்டினார்கள். கட்டினால் விதிகள் உண்டு. அம்மன் எல்லை சுற்றி முடிக்கும்வரை ஊருக்குள் இருப்பவர்கள் கவுச்சி தொடக்கூடாது. ராத்திரி எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது.

மறுநாள் காலை லாவண்யா கதவைத் திறந்தால், வாசலில் சொர்ணம். தலையில் பூக்கூடை. மார்க்கெட்டுக்குப் போகிற வழி.

"இன்னாம்மா, போன வருஷம் என் ஊட்டாண்ட குந்திகினு கூழு குடிச்சியே, ஞாபகம் கீதா?"

"இருக்குக்கா. உள்ள வாங்க."

"உள்ள வர்றது இருக்கட்டும். என் ஊடு எங்க?"

"என்னக்கா?"

"நீ போட்ட படத்துல அங்காளம்மன் தெருவு கீது, ரேஷன் கடை கீது, குப்பைத்தொட்டி கூட கீது. மூக்குமுனை இல்ல. கோடு அப்டியே இஸ்துகினு போவுது. என் ஊடு வெளியவாம்." கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். "எங்க ஊட்டுக்காரரு நெஞ்சக் கீறி தச்சுகினு வந்து இன்னும் தையலு காயல. டாக்டரு வாசப்படி தாண்டாதன்றான். தலைவரு இன்னான்னா, எல்லைக்கு வெளிய ராத்தங்கக் கூடாது, ரெண்டு பேரும் கோயில் மண்டபத்துல வந்து படுங்கன்றாரு. என் ஊட்ல நான் படுத்தா தெய்வக் குத்தமாம்!"

லாவண்யாவுக்குச் சிரிப்பு வந்தது. சொர்ணத்தின் முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போய்விட்டது.

"அது கூட போவட்டும்மா. அம்மன் இந்த வருஷம் மூக்குமுனைக்கு வராதாம். ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சதும் அந்தாளு மொதல்ல இன்னா கேட்டாரு தெரியுமா? என்னைக் கேக்கல. 'ஆடி வந்துட்ச்சா?'ன்னாரு. வாசல்ல சேரு போட்டு குந்திகினு அம்மனப் பாக்கணும்னுதான் அந்த உசுரு திரும்பி வந்துகீது. இப்ப நான் போயி இன்னான்னு சொல்றது? கம்ப்யூட்டரு வேணான்னுட்ச்சின்னா?"

லாவண்யா மடிக்கணினியைத் திறந்து பழைய பாதையை எடுத்தாள். நெளிந்து வளைந்து, கரையான் அரித்தது போல, எல்லை திரையில் ஊர்ந்தது. சொர்ணம் பூ வாசனை வீசும் விரலால் அந்த நீட்டலைத் தொட்டாள்.

"தோ கீதே! அப்ப எட்த்தது யாரு?"

"நான்தாங்க்கா."

"எதுக்கு?"

"பாக்க அழகா இருக்கட்டும்னு."

சொர்ணம் திரையிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "என் மூஞ்சில கூட மூக்கு கொஞ்சம் பெருசுதான். நல்லவேள, உன்னாண்ட போட்டோ புட்சிக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

*

சம்பந்தம் பந்தல் போடுகிறவர்களுக்கு மேலே பார்த்துக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். லாவண்யா நடந்ததைச் சொன்னாள். அவர் அனுதாபத்தோடு கேட்டார். கேட்பதில் அவருக்குக் குறையே கிடையாது.

"மேடம், சொர்ணத்தோட புருசன் உலகநாதன் எனக்கு இன்னா வேத்து ஆளா? ஒண்ணா கோலி வெளாண்டவன். ஆனா படம்னு ஒண்ணு போட்டா போட்டதுதான். இன்னிக்கு மூக்கைச் சேத்தா நாளைக்கு ஒர்த்தன் வந்து வாலைச் சேருன்வான். கம்ப்யூட்டரு சொன்னத மனுசன் மாத்தலாமா?"

"சார், கம்ப்யூட்டருக்குச் சொன்னதே நான்தான்."

"நீங்க ரொம்ப அடக்கம் மேடம்."

"நான் ஒரு எண்ணை மாத்தினேன் சார். அதுல போயிடுச்சு. தப்பு என்னுது."

"தப்பு மனுசன் பண்றது. இது டிஜிட்டல்" என்று கூறிவிட்டு, சீரியல் விளக்கு கோணலாகத் தொங்குவதாக யாரையோ திட்டப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவள் மூக்குமுனைக்கு நடந்தாள். உலகநாதன் வாசலை ஒட்டி, உள்பக்கமாகக் கட்டிலில் சாய்ந்திருந்தார். லாரி ஓட்டியவர். சட்டைப் பித்தான்களுக்கு நடுவே தையல் தெரிந்தது. அவரை மண்டபத்துக்குக் கொண்டுபோக வந்தவர்களை, 'என்னைத் தூக்கிகினு போவணும்னா மொத்தமா தூக்கிகினு போற நாள்ல போங்கடா' என்று அனுப்பிவிட்டாராம். ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் தங்கள் சொந்த வீட்டில், தெய்வக் குற்றம் செய்துகொண்டு, நிம்மதியாகத் தூங்கினார்கள்.

"நீதான் மேப்பு போட்ற பொண்ணா? லாரி ஓட்டசொல்ல நானும் மேப்பு பாத்துகீறேன்" என்றார். "அதுல நேரா கீற ரோடு எல்லாம் கிட்ட போனா கோணலாத்தான் கீது. எந்த ரோடும் கடைசி வரிக்கும் நேரா வந்ததில்ல."

"அவர விடும்மா, பேசினா மூச்சு வாங்கும்" என்றாள் சொர்ணம். காலையில் இருந்த கோபம் குரலில் மிச்சம் இருந்தது. ஆனாலும் டீ போட்டாள்.

*

எல்லைக்குள் வந்த ஆனந்தம் ராயல் லேக் பிரீஸில் புதன்கிழமை வரை தாங்கியது. அன்று மதியம் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்த டெலிவரி ஆளை வாசலிலேயே கமிட்டி இளைஞர்கள் வழிமறித்தார்கள். காப்புக் கட்டின ஊருக்குள் கவுச்சி கூடாது. வாட்ஸப் குழுவில் கேள்விகள் எழுந்தன. முட்டை கவுச்சியில் சேர்த்தியா? முட்டை போட்ட கேக்? ஐதராபாத் விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன், ராத்திரி திரும்ப முடியாது, எல்லைக்கு வெளியே தூங்காமல் விழித்திருந்தால் பரவாயில்லையா?

வியாழக்கிழமை லாவண்யாவின் கதவை யாரோ பூனை போலத் தட்டினார்கள். பரந்தாமன். வரலாறு, சிறப்பு எதுவும் முகத்தில் இல்லை.

"விஜயவாடாவுல மச்சினன் பொண்ணு கல்யாணம்மா. சனிக்கிழமை கிளம்பறேன், ரெண்டு நாள் தங்கணும். ஒய்ஃப் பயப்படறா. நீங்க வந்து... நம்ம பில்டிங்க கொஞ்சம் வெளில எடுத்துட முடியுமா? சத்தமில்லாம."

"பாரம்பரியம் சார்?"

"பாரம்பரியத்த நான் மதிக்கறேன். ஒரு கால் கிலோமீட்டர் தள்ளி நின்னு மதிக்கறேனே!"

அவர் போன பிறகு லாவண்யா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்குமாடியை வெளியே எடுக்கவும், மூக்குமுனையை உள்ளே சேர்க்கவும் தனித்தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். நடந்த பாதையை நடந்தபடி விட்டால் போதும். ஆனால் பிளெக்ஸ் அடித்தாயிற்று. அதைக் கழற்றினால் கைகூப்பிய சம்பந்தத்தையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். அது அம்மனாலேயே ஆகாத காரியம்.

அப்போதுதான் தன் வேலையின் பாதியை மட்டுமே தான் செய்திருப்பது அவளுக்கு உறைத்தது. புள்ளிகளை நீக்குகிறவர்கள் அவற்றைக் குப்பையில் போடுவதில்லை. எடுத்துப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சில புள்ளிகள்; கொஞ்சம் நெருங்கினால் இன்னும் சில; ரொம்ப நெருங்கினால் எல்லாமே. போனில் இரண்டு விரலை அகட்டும்போதெல்லாம் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வருவது அப்படித்தான். பிளெக்ஸுக்கு விரல் வைத்து அகட்ட வழியில்லை. தூரத்துப் பார்வையையே ஊரின் ஒரே பார்வையாக அச்சடித்து மாட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை முழு வரைபடத்தையும் போனில் திறக்கும்படி செய்து சம்பந்தத்துக்குக் கொண்டுபோனாள்.

"நாளைக்கு நீங்க டிராக்டர்ல நின்னு பாத்துக்கிட்டே போகலாம் சார். அம்மன் எங்க இருக்காங்கன்னு நீலப் புள்ளியா தெரியும். ஆனா ஒண்ணு, கிட்ட போகப் போக கோடு மாறும். அதுதான் சரியான கோடு."

"நீலப் புள்ளி! லைவ்!" என்றார் சம்பந்தம். மற்றது எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அன்று மதியம் அவளுக்கு மறுபடி கனவு வந்தது. அவள் இத்தனை வருஷம் நீக்கிய புள்ளிகள் எல்லாம் அடுக்குமாடி வாசலில் வந்து நின்றன. கையில் பை, தோளில் துண்டு, இடுப்பில் குழந்தை. பலூன் வளைவு வரை வரிசை. யாரும் சண்டைக்கு வரவில்லை. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள் போல அமைதியாக நின்றார்கள். முன்னால் நின்ற புள்ளி மட்டும், "எங்களை எந்த ஸ்டாப்புல எறக்கிவுட்டீங்க மேடம்?" என்று கேட்டது. அவள் பதில் தேடுவதற்குள் அத்தனை பேரும் கொக்குகளாகி, கரையில்லாத ஏரிக்கு மேல் மிதந்தார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை வெயில் மஞ்சளாக இருந்தது. பூவும் பட்டுமாக அம்மன் டிராக்டர் மேல் அமர்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு படி கீழே சம்பந்தம், ஒரு கையில் மைக்கும் மறு கையில் கற்பூரத்தட்டைப் போல ஏந்திய போனுமாக நின்றார். டிராக்டர் ஓட்டுகிற ஆசிக்குக்கு இந்த வேலை வருஷாவருஷம் உண்டு. பம்பை அதிர, வேப்பிலையிலிருந்து மஞ்சள் துளிகள் சிதற, ஊர்வலம் நகர்ந்தது. கூட்டத்தில் லாவண்யாவும் நடந்தாள்.

கால்வாயைத் தாண்டி மூக்குமுனை தெரிகிற இடம் வந்தது. வாசலில் நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் புதுச் சட்டை போட்ட உலகநாதன். பக்கத்தில் கூழ்ப் பானை. வரமாட்டாள் என்று அறிவித்துவிட்ட அம்மனுக்காகச் சொர்ணம் விடியலிலேயே அடுப்பு மூட்டியிருந்தாள். கையில் கரண்டியோடு நின்றாள். இந்தப் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

"இன்னா தலைவரே, நேராவா, திருப்பவா?" என்றார் ஆசிக்.

"படத்துல இன்னா கீது? நேராப் போ" என்றார் சம்பந்தம்.

டிராக்டர் நேராக நகர்ந்தது. போன் திருப்பம் வருவதை உணர்ந்து தானாகவே நெருங்கிப் பார்த்தது. நேர்க்கோடு மெல்ல அசைந்தது. பால் பொங்குவது போல ஓரிடத்தில் புடைத்தது. மூக்கு வந்தது. நீலப் புள்ளி மூக்கின் பக்கம் திரும்பாமல் வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது. சம்பந்தத்தின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார்.

"தலைவரே! அம்மன் கோட்டை வுட்டு குறுக்க போறா!"

"நிறுத்து! டேய், நிறுத்து ஆசிக்கு!"

டிராக்டர் நின்றது. சம்பந்தம் இரண்டு விரலால் படத்தைச் சுருக்கினார். கோடு நேரானது. அகட்டினார். மூக்கு முளைத்தது. சுருக்கினார், போயிற்று. அகட்டினார், வந்தது. ஊரே மூச்சுப் பிடித்து அவருடைய விரல்களைப் பார்த்தது. அம்மன்கூடக் கொஞ்சம் குனிந்து பார்ப்பது போலத்தான் லாவண்யாவுக்குத் தோன்றியது. பூ மாலை சரிந்திருந்ததோ என்னவோ.

"மேடம்" என்று மைக்கை மறந்து ரகசியமாகக் கேட்டார். அது ஒலிபெருக்கியில் ஏரி வரை கேட்டது. "இன்னா மேடம் இது, கிட்ட போனா வருது, தள்ளிப் போனா போவுது?"

"எப்பவும் அங்கதான் சார் இருக்கு. தள்ளி நின்னா தெரியாது, அவ்வளவுதான்."

அந்த அமைதியில் நீல நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமே சம்பந்தம்! என் ஊட்டுக்கு வழி போன்லயா கேக்குற? கோலி வெளாடசொல்ல செவுரு ஏறி குதிச்சி வருவியேடா!"

கூட்டம் சிரித்தது. சம்பந்தமும் சிரிக்க முயன்றார். நேராகப் போனால், அம்மனை எல்லையை விட்டுக் குறுக்கே கொண்டுபோன தலைவர் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். திரும்பினால் பிளெக்ஸ் பொய். ஒரு கணம், தலைவர் முகத்தில் கோலி விளையாடிய பையன் வந்து போனான். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஹலோ, செக். பக்தகோடிகளே! அம்மன் கிட்ட வந்தாத்தான் எல்லை தெரியும்ன்ற மாதிரி கமிட்டி முன்னாடியே டிஜிட்டலா ஏற்பாடு பண்ணிகீது! ஆசிக்கு, திருப்பு!"

டிராக்டர் பின்னால் வந்து, திரும்பி, மூக்குமுனைக்குள் நுழைந்தது. பம்பை வெடித்தது. சொர்ணம் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். உலகநாதன் எழுந்திருக்கப் பார்த்தார். அவள் கும்பிட்ட கையிலேயே ஒன்றை இறக்கி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

எஞ்சின் நின்றது. வேப்பிலைக்காரர் வாசல் முழுக்கத் தெளித்துவிட்டு, நாற்காலிக்கு முன்னால் நின்று ஓங்கி ஓர் உதறு உதறினார். உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அம்மன் நேரே எதிரில் இருந்தாள். இருவரும் வெகுநேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரம் இருவருக்குமே இல்லை.

லாவண்யாவின் கையில் ஒரு சொம்பு வந்து சேர்ந்தது.

"உன் ஊடு எல்லைக்கு வெளிய போய்ட்ச்சாமே" என்றாள் சொர்ணம்.

"ஆமாங்க்கா."

"போவட்டும். குடி. வெங்காயம் கீது, கடிச்சிக்கோ."

லாவண்யா வேலியோரம் உட்கார்ந்து குடித்தாள். டிராக்டர் கிளம்பி, கால்வாய் வழியே போய், ராயல் லேக் பிரீஸைத் தொடாமல் உள்வாங்கி நடந்தது. தூரத்தில் பலூன் வளைவு யாருமில்லாமல் ஆடியது. வந்த வழியெல்லாம் மண்ணில் மஞ்சள் துளிகள் கிடந்தன. கோடு நெளிந்து வந்து, வாசலைத் தொட்டு, நெளிந்து திரும்பியிருந்தது. வெயில் துளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தது. எதை முதலில் எடுக்கிறது, எதை விட்டு வைக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்கு எந்த முறையும் பிடிபடவில்லை.

"ஐயே, புது சட்டை! நெஞ்சு மேல பாரு, மஞ்சக் கறை. இது போவவே போவாதே" என்றாள் சொர்ணம் பின்னால்.

"போவ வேணாம், வுடு" என்றார் உலகநாதன்.